நாலாம் நம்பர்

காரிமங்கலம் சந்தை, செவ்வாய்க்கிழமை.
கத்திரி நாற்றுக்கும் எலுமிச்சைக்கும் நடுவே
தார்ப்பாயில் வாய் பிளந்து கிடந்தன
இரும்புக் கிட்டிகள்.
ராயக்கோட்டைத் திம்மராயன் அடித்தவை.
"லாரிப் பட்டைங்கக்கா,
உங்க பேரன் காலத்துக்கும் வரும்."
எனக்கு இந்தக் கடலை பிடுங்கும்வரை வந்தால் போதும்.

நூற்றெழுபது சொன்னவன்
நூற்று முப்பதில் நின்றான்.
எண்ணும்போது அவனுக்குத் தெலுங்குதான் வரும்.
ஒகட்டி, ரெண்டு, மூடு என்று அவன் போட
ஒன்று, இரண்டு, மூன்று என்று நான் வாங்க
ஆறில் வந்து
ஒரே சொல்லாக நின்றோம்.

சைக்கிள் கடை ஆயிலைத் தாராளமாய் விட்டு
வரப்போரம் வைத்தேன்.
மூன்று ராத்திரி.
கருவாட்டுத் தலை வைத்தபடியே இருந்தது.
கிட்டியைச் சுற்றிப் புதுத்தடம் போட்டு
அடுத்த வரிசைச் செடியைப் பறித்திருந்தது எலி,
எனக்குத் தோலை மட்டும் விட்டு.

காசு கொடுத்துப் புதிதாய் வாங்கியதைப்
பழசாக்க ஒரு வாரம் ஆயிற்று.
சாம்பலில் தேய்த்து, வெந்நீரில் அலசி,
சாணிக் கரைசலில் முக்கி
வளை பறித்த மண்ணிலேயே புதைத்தேன்.
தோண்டி எடுத்தபோது பளபளப்பு போயிருந்தது,
செம்மண் அதைச் சேர்த்துக்கொண்டிருந்தது.
கீலில் மட்டும் ஒரு சொட்டு புங்க எண்ணெய்.
தட்டில் படக்கூடாது.
கையில் படலாம், கை எப்படியும் நாறும்.

ஞாயிறு லீவில் வந்தாள் கோகிலவாணி.
ஓசூர் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்று
ஸ்பிரிங் சரிபார்க்கிறவள்.
ஒவ்வொன்றாய்க் குச்சியால் தட்டிக்
காது கொடுத்துக் கேட்டாள்.
டப். டப். டப்.
ட... ப்.
"இது ரிஜெக்ட்மா."
நகப்பூச்சால் எல்லாவற்றிலும் நம்பர் எழுதி
நாலின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.
பஸ் ஏற்றிவிட்டு வந்து
நாலையும் வைத்தேன், கிணற்று மேட்டில்.
நூற்று முப்பது ரூபாய் ஆயிற்றே.

விடியலில்
இடுப்பைக் கவ்வக் கிடந்தது ஒரு பெருச்சாளி.
சங்கிலி எட்டிய தூரம்வரை
மண்ணில் அரைவட்டம் கீறியிருந்தது.
இரவு முழுக்கக் கீறியிருக்க வேண்டும்,
அவ்வளவு ஆழம்.
மண்வெட்டிக் காம்பை எடுத்தேன்.
முதலடி சரியாக விழவில்லை.

மற்ற ஐந்தில் செத்தவை எதுவும்
என்னைப் பார்த்ததில்லை.

அதிலிருந்துதான் சாயங்கால வேலை கூடியது.
துருவைச் சுரண்டுவது,
கொக்கியில் ஒட்டிய மயிரை எடுப்பது,
ஸ்பிரிங்கை இழுத்தபடி விடாமல்
தளர்த்தித் தூங்க வைப்பது,
மழை பிடித்தால் கோணிப்பையில் போட்டு
அடுப்புக்கு மேலே கட்டுவது.
பக்கத்துக் காட்டு முனியம்மா
வரப்பில் நின்று சிரித்தாள்:
"எலிக்கு இவ்வளவு உபசாரமா?"
எலிக்குத்தான் என்றேன்.
அவள் விளையாட்டென்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்
நாலைத் திம்மராயனிடம் கொடுத்தேன்.
மறுபேச்சு இல்லை, நல்ல மனுஷன்.
வேறொன்றை எடுத்து என் பையில் போட்டான்.
நகப்பூச்சை விரலால் சுரண்டிவிட்டு
நாலைக்
குவியலிலேயே வீசினான்.

பச்சைத் துண்டு போட்ட ஒருவர்
குனிந்து அதையே எடுத்தார்.
தட்டிப் பார்க்கவில்லை. எடை பார்த்தார்.

"அது என்னுதுங்க" என்றேன்.

நூறு ரூபாய் கொடுத்து
என் கிட்டியை நானே வாங்கினேன்.
திம்மராயன் என்னை ஒரு மாதிரி பார்த்து
ஏடு என்றான்.
நான் ஏழு என்றேன்.

இப்போது அது
பம்ப்செட் ரூம் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல்
கவ்விக்கொண்டிருக்கிறது.
அதற்கு
அந்தப் பலம் போதும்.